இருபாலருக்கும் ஒரே எண்: முடக்குவாதத்தை அளக்கும் டாஸ் 28

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஆனால் நோயின் வேகத்தை இருபாலருக்கும் ஒரே சூத்திரத்தால் அளக்கிறோம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்ட டாஸ் 28 அளவுகோல் அது. 28 மூட்டுகளில் அழுத்தினால் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். எவ்வளவு, தன் உடல்நிலைக்கு நோயாளியே தரும் மதிப்பெண் என்ன என்ற நான்கும் சேர்ந்து ஓர் எண்ணாகின்றன. அது 2.6-க்குக் கீழே வந்தால் நோய் தணிந்ததாகக் கொள்வார்கள், 5.1-ஐத் தாண்டினால் கடுமை.

இந்த முறையால் விளைந்த நன்மை பெரிது. "பரவாயில்லையா?" என்று கேட்டு, பழைய மருந்தையே எழுதிக்கொடுக்கும் வழக்கத்தை அது உடைத்தது. 2004-இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு ஒன்றில், டாஸ் 28-க்கு மூத்த வடிவமான டாஸ் எண்ணை இலக்காக வைத்து மாதந்தோறும் மருந்தைத் திருத்தினார்கள். அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 65 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது; வழக்கமான சிகிச்சையில் 16 விழுக்காட்டினருக்கே தணிந்தது. அளந்து பார்த்து மருத்துவம் செய்வதன் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குறை, சூத்திரத்தின் உள்ளே இருக்கிறது. வலிக்கும் மூட்டுக்கு அது தரும் எடை, வீங்கிய மூட்டுக்குத் தருவதைப்போல் இரு மடங்கு. ஆனால் பின்னாளில் எலும்பு அரிக்கப்படுவதை முன்கூட்டிக் காட்டுவதில் வலியைவிட வீக்கத்துக்கே வலு அதிகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆணுக்கு நான்கு மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, எதுவும் வலிக்கவில்லை, ஈ.எஸ்.ஆர். 10, தன் உடல்நிலைக்கு அவர் தரும் மதிப்பெண் நூறில் 10 (பூச்சியம் என்றால் மிக நலம்). விடை ஏறத்தாழ 2.3, அதாவது நோய் தணிந்துவிட்டது! ஒரு பெண்ணுக்கு வீக்கமே இல்லை, நான்கு மூட்டுகள் வலிக்கின்றன, ஈ.எஸ்.ஆர். 30; மதிப்பெண் 40. விடை ஏறத்தாழ 4.1, நோய் மிதமான வேகத்தில் இருக்கிறது என்று பொருள். அழற்சி கண்ணுக்குத் தெரிவதோ அந்த ஆணின் மூட்டுகளில்.

25 நாடுகளில் 6,000 நோயாளிகளை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த குவெஸ்ட்-ஆர்.ஏ. ஆய்வும் எண்ணின் இந்தச் சாய்வைச் சுட்டுகிறது. பெண்களின் சராசரி டாஸ் 28 எண் 4.3, ஆண்களுடையது 3.8. எல்லா அளவுகளிலும் பெண்களின் நிலையே மோசம். ஆனால் இருபாலருக்கும் இடையிலான வேறுபாடு மிகக் குறைவாக இருந்தது வீங்கிய மூட்டுகளின் எண்ணிக்கையில்தான்.

ஈ.எஸ்.ஆர். இயல்பிலேயே பெண்களுக்குச் சற்று உயர்ந்திருக்கும். ரத்தசோகை அதை மேலும் உயர்த்தும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது. ஒரு மூட்டுகூட வலிக்காமல், வீங்காமல் இருந்தாலும், ஈ.எஸ்.ஆர். 42 என்றால் அது ஒன்றே எண்ணை 2.6-க்கு மேல் தள்ளிவிடும். இரும்புச்சத்து தேவைப்படும் பெண்ணுக்கு, உறங்கும் காசநோயை எழுப்பக்கூடிய விலையுயர்ந்த உயிரியல் மருந்து எழுதப்படும் அபாயம் இங்கே இருக்கிறது.

இதைக் காட்டிப் பெண்களின் வலியைத் தள்ளுபடி செய்வது இன்னும் பெரிய தவறு. வலி உண்மை, அதன் காரணம்தான் வேறாக இருக்கலாம். பெண்களிடம் அதிகம் காணப்படும் ஃபைப்ரோமயால்ஜியா உடல் முழுதும் வலியைத் தரும். மூட்டு அழற்சிக்கான மருந்தை ஏற்றுவதால் அது அடங்காது. அதற்குத் தனிச் சிகிச்சை தேவை.

மாற்று அளவுகோல்கள் உண்டு. சி.டி.ஏ.ஐ. ரத்தப் பரிசோதனையே கேட்பதில்லை; வலிக்கும் மூட்டையும் வீங்கிய மூட்டையும் சமமாக எண்ணுகிறது. ஆனால் நோயாளியின் மதிப்பெண் அதிலும் உண்டு என்பதால் சிக்கல் முழுதும் தீராது. பாதமும் கணுக்காலும் இரண்டிலுமே விடுபடுகின்றன.

ஆகவே எண்ணைக் கைவிட வேண்டாம். அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். மருந்தைக் கூட்டும் முன் நான்கில் எது எண்ணை உயர்த்தியது என்று மருத்துவர் பார்க்கட்டும். எண் தணிந்திருந்தாலும் வீக்கம் மிஞ்சியிருந்தால் சிகிச்சையைத் தளர்த்தாதிருக்கட்டும். பெண்ணின் கோப்பில் ஹீமோகுளோபின் அளவும் சேரட்டும். நோயாளிகளும் தங்கள் மொத்த எண்ணோடு நான்கு கூறுகளையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக ஓரிரு நிமிடம் கேட்கும் இந்தப் பழக்கம், தேவையற்ற மருந்திலிருந்து பெண்களையும் தாமதமான சிகிச்சையிலிருந்து ஆண்களையும் காக்கும்.