சலூன் கதிரையைச் சுற்றி ஓர் அணி ஆட்டம்

யோகி பாபுவின் பலம், எதிரே நிற்பவர் பேசி முடிக்குமுன் குறுக்கே வந்து விழும் அந்த ஒற்றை வரி. மடோன் அஸ்வின் தன் முதல் படமான ‘மண்டேலா’வில் அந்த ஆயுதத்தைத்தான் முதலில் பிடுங்கி வைத்தார். மரத்தடியில் முடி வெட்டும் நாயகன் திட்டு வாங்குகிறான், இளிக்கிறான், ஊர் ஏவும் வேலையைச் செய்கிறான். சிரிப்பு சுற்றியிருப்பவர்களிடமிருந்து வருகிறது. கரப்பந்தாட்டத்தில் வலையருகே நின்று பந்தை உயர்த்திக் கொடுப்பவருக்குக் கைதட்டல் குறைவு. ஓங்கி அடித்தவருக்கே ஆரவாரம். இங்கே உயர்த்திக் கொடுப்பவரே கதாநாயகன்.

அடிப்பவர்களும் சளைத்தவர்கள் அல்லர். சூரங்குடியின் பெரிய ஐயாவாக வரும் சங்கிலி முருகன் ஓரிடத்திலும் சிரிக்க வைக்க முயல்வதில்லை. வடக்கும் தெற்குமாகப் பிளந்த ஊரை ஒட்டவைக்கப் பார்க்கும் அவருடைய கவலை உண்மையானது. அதனால்தான் பொதுக் கழிப்பறையை யார் முதலில் பயன்படுத்துவது என்று வெடிக்கும் சண்டை அத்தனை வேடிக்கையாகிறது. மகன்களாக ஜி.எம். சுந்தரும் கண்ணா ரவியும் ஒரே கோபத்தை இரண்டு விதமாகக் காட்டுகிறார்கள். ஆனால் இருவருக்கும் எழுத்தில் வேறுபாடு போதவில்லை. பின்பாதியில் யார் எந்தப் பக்கம் என்பதே மங்கிவிடுகிறது. தபால் நிலைய ஊழியர் தேன்மொழியாக ஷீலா ராஜ்குமார் நிதானத்தாலேயே நிற்கிறார். அவரையும் இயக்குநர் பாதியில் ஓரங்கட்டியது எனக்கு வருத்தம்தான்.

ஏனென்றால், இலங்கை மலையகத்து டயகமவிலிருந்து பார்க்கும் நமக்குப் படத்தின் மையமே அந்தத் தபால் நிலையம்தான். சேமிப்புக் கணக்கு திறக்கப் பெயர் வேண்டும், அடையாள அட்டை வேண்டும். நாயகனிடம் இரண்டும் இல்லை. நம் கதையும் இதுதான். 1947இல் நுவரெலியாவிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமானை நாடாளுமன்றம் அனுப்பிய மக்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. மறு வருடம் வாக்கும் போனது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கான சட்டம் வர 2003 ஆனது. இன்றும் எத்தனையோ லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து ஒப்பீசைச் சுற்றித்தான் வரவேண்டும். தேன்மொழி அவனுக்கு நெல்சன் மண்டேலா என்று பெயர் வைக்கும்போது யோகி பாபு முகத்தில் வரும் கூச்சம் கலந்த பெருமை, அவருடைய எந்த நகைச்சுவைக் காட்சியையும்விடப் பெரிய நடிப்பு.

ஊர்த் தேர்தலின் முடிவே அவனுடைய ஒற்றை வாக்கில் தொங்க, அதற்காக இரு மகன்களின் கட்சிகளும் பரிசுகளைக் கொட்டும்போது அவனும் பேராசைப்படுகிறான். அதை அழகுபடுத்தாமல் நடித்திருப்பது துணிச்சல். தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, 2021 ஏப்ரல் 4 அன்று, படம் விஜய் டிவியில் நேரடியாக வந்தது. அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் தேசிய விருதுகள் பின்னர் கிடைத்தன.

2008இல் வந்த ‘குசேலன்’ இதே அணி ஆட்டத்தில் தோற்றது. முடிதிருத்துபவராகப் பசுபதி அடக்கமாகவே ஆடினார். ஆனால் ரஜினியின் ஒளியும் வடிவேலுவின் தனி ஓட்டமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. 2002இல் டிம் ஸ்டோரி இயக்கிய அமெரிக்கப் படம் ‘பார்பர்ஷாப்’ அந்தத் தவறைச் செய்யவில்லை. சிகாகோவின் தெற்குப் பகுதிக் கடை அது. உரிமையாளராக ஐஸ் கியூப் அமைதியாக நிற்க, கிழவர் எடியாக வரும் செட்ரிக் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக் கடையையே அதிர வைப்பார். படத்தின் பெரும்பகுதியைக் கடைக்குள்ளேயே ஓட்டும் துணிவு அதற்கு இருந்தது. ‘மண்டேலா’வில் சலூன் பெரும்பாலும் ஒரு கனவாகவே நின்றுவிடுகிறது.

அந்தக் குறையைத் தீர்க்கும் கதை நம் மலையில் இருக்கிறது. டோபிக்கும் பாபருக்கும் என்று தொழிலாளியின் சம்பளத்தில் கழித்த தோட்டங்கள் இவை. சம்பளம் கிடைத்த மறு ஞாயிறு, பஸார் சலூன் பெஞ்சில் அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்ட கங்காணியைத் திட்டும் ஒருவர், சங்கத்துத் தலைவருக்காக வாதாடும் ஒருவர், கொழும்புக் கடை வேலையிலிருந்து லீவில் வந்து புது ஸ்டைல் கேட்கும் பையன் என்று வரிசையாக உட்கார வையுங்கள். கத்திரி பிடிப்பவர் மட்டும் பேசாமல் இருக்கட்டும். இந்த ஆட்டத்துக்கு நம் மேடை நாடகக்காரர்களே போதும். யாராவது கமராவைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.