திருகைக்கு மறுபுறம் ஒரு கை: ஜனாபாயின் அபங்கங்களில் இறைபரிவு

ஜனாபாயின் பெயர் தமிழருக்குப் புதியதன்று. மராட்டியர் ஆட்சிக் காலத்துத் தஞ்சையில் வேரூன்றிய மராட்டியக் கீர்த்தன மரபும், அதன்வழி வளர்ந்த கதாகாலட்சேபமும், தமிழ் உரைநடையில் வழங்கிவரும் பக்தவிஜயக் கதைகளும் நாமதேவர் வீட்டுப் பணிப்பெண்ணாகிய அவரை நம் ஊர்களுக்கும் கொண்டுவந்து சேர்த்துள்ளன. பண்டரிபுரத்து விட்டலன் அவருடன் அமர்ந்து மாவரைத்தான் என்பது பஜனை மடங்களில் பலரும் கேட்ட செய்தி. ஆயினும் நாம் கேட்டறிந்தவர் பெரும்பாலும் அடியார் வரலாறுகளில் வரும் ஜனாபாயே. அபங்கங்களில் வரும் ஜனாபாய் அல்லர். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனால், இறைபரிவு எத்தகையது என அப்பாடல்கள் காட்டும் நுட்பமான கருத்து நம் கவனத்திற்கு வாராமலே போயிற்று என்பது இக்கட்டுரையின் எண்ணம். இங்குக் கவிஞரை ஜனாபாய் என்றும், பாடலுக்குள் உழைக்கும் பணிப்பெண்ணை அவர் தம்மைக் குறித்துக்கொள்ளும் பெயராலேயே ஜனி என்றும் சுட்டுகிறேன்.

மரபுவழிச் செய்திகளின்படி ஜனாபாய் கோதாவரிக் கரையிலுள்ள கங்காகேட் என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையிலேயே பண்டரிபுரத்தில் தாமாசேட்டி என்னும் தையற்காரர் இல்லத்தில் பணிப்பெண்ணாக விடப்பட்டார். தாமாசேட்டியின் மகனே நாமதேவர் (1270–1350). ஜனாபாயின் பெயரில் முந்நூற்றுக்கு மேற்பட்ட அபங்கங்கள் நாமதேவர் பாடல் தொகுப்போடு சேர்ந்தே நமக்குக் கிடைத்துள்ளன. வாய்மொழியாக வழங்கிப் பின்னர் ஏடேறிய பாடல்கள் ஆதலின், அவற்றுள் எவை அவருடையவை எனப் பிரித்தறிதல் அரிது. அவ்வாராய்ச்சி இங்கு வேண்டுவதன்று. அப்பெயரின்கீழ் ஒரு குரல் ஒரே தன்மையுடையதாய் ஒலிக்கின்றது என்பதே நமக்குப் போதுமானது.

அக்குரலின் தனித்தன்மை அது பேசும் பொருள்களில் உள்ளது. வீடு பெருக்குதல், குப்பை கொட்டுதல், நீர் மொள்ளுதல், நெல் குத்துதல், மாவரைத்தல், சாணம் பொறுக்குதல், தலை வாருதல் என இல்லத்தின் பின்கட்டில் நிகழ்வனவே இவ்வகைப் பாடல்களின் களம். ஓர் அபங்கத்தில் ஜனி பெருக்குகிறாள். இறைவன் குப்பையை அள்ளிக் கூடையில் இட்டுத் தலைமேற் சுமந்துபோய்த் தொலைவிற் கொட்டிவருகிறான். மற்றொன்றில் அவள் தண்ணீருக்குச் செல்ல, அவன் பின்னாலேயே ஓடுகிறான். இப்பாடல்களில் இறைவனுக்கு இடப்படும் பெயர்கள் உற்றுநோக்கத் தக்கன. குப்பை அள்ளுபவன் வெறுமனே ‘இறைவன்’ என்றோ ‘விட்டலன்’ என்றோ கூறப்படவில்லை, ‘சக்ரபாணி’ எனப்படுகிறான். ஆழி ஏந்திய கையே குப்பை அள்ளும் கை. தண்ணீர்த் துறைக்குப் பின்தொடர்பவன் ‘ரிஷிகேசன்’. புலன்களை ஆள்பவன் ஒரு பணிப்பெண்ணின் பின்னே ஓடுகிறான். எதுகை நோக்கி இப்பெயர்கள் அமைந்தன எனக் கூறி ஒதுக்கிவிடலாம். எதுகையும் இயைபும் அபங்கத்திற்கு இன்றியமையாதன என்பது உண்மையே. ஆயினும் அவ்வோசைக்குப் பொருந்தும் சொற்கள் பலவிருக்க, கையைச் சுட்டும் பெயர் கைவேலை பேசும் இடத்தில் வந்து அமர்ந்திருப்பதைத் தற்செயல் எனக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

இவற்றுள் தலைவாரும் பாடல் மிகச் சிறியது. எனினும் என்னளவில் இத்தொகுதியிலேயே சிறந்தது அதுவே. ஜனியின் தலையிற் பேன் மிகுந்து அவள் துன்புறுகிறாள். இறைவன் விரைந்து வந்து, கொண்டையை அவிழ்த்து, பேனை நசுக்கி, மயிரைச் சிக்கெடுத்து வாரிவிடுகிறான். இங்கு வருபவனின் பெயர் சக்ரபாணி அன்று, ‘விட்டாபாய்’. விட்டலன் பெண்பாற் பெயர் பூண்டு வருகிறான். பெண்ணின் தலையைத் தொட்டுப் பேன் பார்ப்பதற்குரிய உரிமை தாய்க்கும் தமக்கைக்கும் அயல்வீட்டுத் தோழிக்குமே உண்டு என்னும் உலகவழக்கைக் கவிஞர் மறவார் ஆதலின், இறைவனே பால் மாறி வரவேண்டியதாயிற்று. மகளின் பேற்றுக்காலத்தில் வெள்ளத்தால் வந்துசேர இயலாத தாயின் வடிவில் வந்து உதவிய சிராப்பள்ளித் தாயுமானவர் வரலாறு இவ்விடத்தில் தமிழ்வாணர் நினைவுக்கு வாராமற் போகாது. அங்கு நிகழ்வது ஓர் உயிர் பிறக்கும் பெருநிகழ்ச்சி. இங்கு நிகழ்வதோ பேன் பார்த்தல். பாடலின் முடிவில் ஜனி தான் ‘நிர்மலம்’ ஆகிவிட்டதாகக் கூறுகிறாள். மலநீக்கத்தைப் பற்றி விரிவாகப் பேசும் சைவ சித்தாந்த மரபிற் பயின்ற நமக்கு அச்சொல் கனமானது; இறைவனை நின்மலன் என்று அழைப்பவர் நாம். ஜனி அச்சொல்லால் முதற்கண் சுட்டுவது பேன் நீங்கிய தன் தலையையே. உரையாசிரியர் ஒருவர் இதற்கு உடனே உட்பொருள் காணக்கூடும். காணட்டும். ஆனால் அரிப்பு நின்றதனால் உண்டான ஆறுதலை இழந்துவிட்டு அவ்வுட்பொருளைப் பெறுதல் இழப்பே ஆகும்.

இனி, மாவரைக்கும் பாடல்களுக்கு வருவோம். மராட்டியர் ‘ஜாத்தே’ எனப்படும் திருகையில் தானியம் அரைத்தனர். அதன் மேற்கல்லில் மரமுளை ஒன்றே இருக்கும். ஒருத்தி தனியே அரைக்கலாம். ஆனால் இருவர் எதிரெதிரே அமர்ந்து, அம்முளையை இருவரும் பற்றி, மாறிமாறி இழுத்துத் தள்ளுவதே எளிது. கல்லின் சுழற்சிக்கேற்பப் பாடும் பாட்டே ‘ஓவி’. வைகறை இருளில், வீட்டார் எழுமுன் இவ்வேலை நடைபெறும். இச்செய்திகளை அறிந்தபின் பாடலை நோக்கினால், விட்டலன் வந்து அமரும் இடம் எதுவென்பது விளங்கும். அது திருகையின் மறுபக்கத்து வெற்றிடம். இன்னொரு பெண் இருந்திருக்க வேண்டிய இடம். இல்லத்தில் தாய் கோணாய் உண்டு. நாமதேவரின் மனைவி ராஜாய் உண்டு. பிள்ளைகளும் மருமக்களும் உண்டு. ஜனியின் எதிரேதான் ஆளில்லை. இறைவனின் பரிவு என்று ஜனாபாய் உணர்வது வானிலிருந்து பொழியும் வரமன்று. ஒரு வேலைக்குரிய கருவியின் அமைப்பே காட்டிக்கொடுக்கும் ஒரு குறையை நிரப்பும் கை அது.

நம் இலக்கியத்திலும் இறைவன் கூலியாளாக வந்ததுண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலம் இதற்குத் தலையாய சான்று. வந்தி என்னும் பிட்டு விற்கும் முதியவளின் பங்குக் கரையை அடைக்க, உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று இறைவன் மண் சுமக்கிறான். மராட்டியத்திலும் இதனையொத்த கதைகள் உள. அரசனுக்கு முடிதிருத்தச் செல்லவேண்டிய சேனா வழிபாட்டில் ஆழ்ந்திருக்க, விட்டலனே அவர் வடிவில் அரண்மனைக்குச் செல்கிறான். பஞ்சத்தில் வாடியோர்க்கு அரசின் களஞ்சியத்தைத் திறந்துவிட்ட மங்களவேடே தாமாஜி தண்டனைக்குள்ளாகும் நிலையில், மஹார் வடிவில் சென்று பீதர் சுல்தானிடம் தானியத்தின் விலையைச் செலுத்துகிறான். இவையனைத்திலும் இறைவன் பதிலாள். அடியவர் செய்யவேண்டியதை அடியவர் இல்லாத இடத்தில் அவன் செய்கிறான். மூன்று கதைகளிலும் அரசன் ஒருவன் உண்டு என்பதும், இறுதியில் அவ்வரசன் முன்னிலையில் உண்மை வெளிப்படுகிறது என்பதும் நோக்கத் தக்கவை. பாண்டியன் ஓங்கிய பிரம்படி எல்லா உயிர்கள்மேலும் பட்டபோது உலகமே சாட்சியாயிற்று. வந்தி சிவலோகம் சேர்ந்தாள். மீண்டும் அவள் பிட்டு அவிக்கவேண்டியதில்லை.

ஜனியோ மறுநாளும் அரைக்கவேண்டும். அவளுடைய இறைவன் பதிலாள் அல்லன், உடனாள். அவன் வந்தமையால் வேலை நின்றுவிடவில்லை. அவள் எழுந்துபோய் வழிபாட்டில் அமரவுமில்லை. அவள் பெருக்க அவன் அள்ளினான் என்னும் வாக்கியத்தில் இரண்டு வினைகளும் ஒருங்கே நிகழ்கின்றன. நம் திறனாய்வு வழக்கில் இத்தகைய இடங்களையெல்லாம் இறைவனின் ‘எளிவந்த தன்மை’ என்று ஒரு தொடரால் முடித்துவிடுகிறோம். வைணவ உரைமரபு சௌலப்பியம் என்னும். அத்தொடர் தவறன்று. ஆனால் அது இறைவனின் குணத்தைப் பேசுகிறதேயன்றி, வேலையின் அளவையோ அது யாரிடம் எஞ்சி நிற்கிறது என்பதையோ பேசுவதில்லை.

திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் உழைப்புப் பாட்டின் வடிவிலேயே அமைந்தது. மகளிர் ஒருவரையொருவர் அழைத்து உலக்கை பற்றி இடிக்கின்றனர். எனினும் அவர்கள் இடிப்பது இறைவன் ஆடுதற்குரிய நறுஞ்சுண்ணம். வள்ளைப்பாட்டின் மரபு அங்கே விழாக்கோலம் பூண்டு உயர்கிறது. பெரியாழ்வாரிடத்திலோ பரிவின் திசையே வேறு. கண்ணனை நீராட்டவும் அவன் குழல்வாரவும் யசோதையின் குரலில் அழைப்பவர் அடியவர். ஜனாபாயிடத்துத் தலைவாரும் கை இறைவனுடையது. வாரப்படும் தலை பணிப்பெண்ணுடையது. அரைபடுவது பிறர் உண்ணும் ரொட்டிக்கான மாவு. வேலையை உயர்த்திக் காட்டும் ஒரு சொல்லும் அங்கில்லை.

அடியார் வரலாறு எழுதியோர்க்கு இது போதவில்லை. மஹிபதி (1715–1790) தம் பக்தவிஜயத்தில் (1762) விரிக்கும் கதையில், இரவு ஜனியின் குடிலிலிருந்து விடியலில் விரைந்து திரும்பும் விட்டலன் தன் பதக்கத்தை அங்கே விட்டுவிட்டு அவளது ஒட்டுப்போட்ட போர்வையோடு கோயிலுக்குப் போய்விடுகிறான். பதக்கம் காணாமற்போகத் திருட்டுப்பழி ஜனிமேல் விழுகிறது. கழுவேற்றக் கொண்டுபோகும்போது கழுமரம் நீராகிறது. சுவையான கதைதான்; காலட்சேபத்தில் அவையை உருக்கவல்லது. ஆயினும் அது அபங்கங்களின் போக்கிற்கு மாறானது. யாரும் காணாமல் நிகழ்ந்ததற்கு ஊரறிந்த சான்று தேடும் முயற்சி அது. சான்று கிடைத்துவிடுகிறது, ஆனால் அதற்கு ஜனி கழுமரம் வரை நடக்கவேண்டியிருக்கிறது. பணிப்பெண் ஒருத்தியிடம் பொன் இருந்தால் அது களவே என்று ஊர் உடனே முடிவு செய்கிறது என்னும் உண்மையைக் கதை தன்னையறியாமலே சொல்லிவிடுகிறது. தமிழிற் பரவியது இந்த ஜனியே. பேன் பார்க்கப்பட்ட ஜனி அவ்வளவாகப் பரவவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. கூலியின்றி உழைத்த பெண்ணுக்குக் கடவுள் துணைநின்றார் என்று பாராட்டுவது, அவ்வுழைப்பைச் சுமத்தியவர்களை விடுவிக்கும் செயலன்றோ? சாதியும் பாலும் சேர்ந்து அழுத்திய ஒருத்தியின் வாழ்வைப் பக்திச் சுவையாக்கி நுகர்வது முறையோ? இக்கேள்வியை எளிதாகக் கடந்துவிட முடியாது, கடத்தலும் கூடாது. ஆனால் இதற்கான விடை நம் இரக்கத்தில் இல்லை; பாடல்களிலேயே உள்ளது. தாயும் இறந்தாள், தந்தையும் இறந்தார், இனி என்னைக் காப்பது உன் பொறுப்பு என்னும் பொருளில் ஜனி விட்டலனிடம் முறையிடும் அபங்கம் ஒன்றுண்டு. இறைபரிவு எங்கே தொடங்குகிறது என்பதை அது ஒளிக்காமற் கூறுகிறது. மனிதப் பரிவு அற்ற இடத்தில். மற்றோர் அபங்கத்தில் அவள் விட்டலனை ‘விட்யா’ எனத் தரக்குறைவாக விளித்து, தெருச் சண்டையில் பெண்கள் இடும் வசையையெல்லாம் அவன்மேற் பொழிகிறாள். அவன் மனைவி தாலியறுக்க என்னும் அளவிற்குச் செல்கிறாள். அன்றாட நிகழ்ச்சிகளில் இறைபரிவைக் காண்பவர் எப்போதும் நன்றியால் கைகூப்பி நிற்பவர் என்னும் எண்ணத்தை இப்பாடல் சிதைத்துவிடுகிறது. உடன் வேலை செய்பவனிடம்தான் இவ்வளவு உரிமையோடு சினக்க முடியும். நிந்தாஸ்துதி என்று வகைப்படுத்தி இப்பாடலின் கூர்மையை மழுக்குவோரும் உளர். காளமேகத்தின் இருபொருட் சாதுரியம் இங்கில்லை. இது நேரான கோபம்.

ஜனியின் திருகை ஓய்ந்துவிடவில்லை. ஹேமா ராயிர்க்கர், கி புவாத்தவேன் ஆகியோர் 1980களிலிருந்து மகாராட்டிரத்துச் சிற்றூர்களில் தொகுத்த திருகைப் பாடல்கள் ஒரு லட்சத்திற்கு மேற்பட்டவை. மின்மாவரைக்கும் ஆலைகள் வந்து, அரைக்கும் வேலையும் அதனோடு பாட்டும் நின்றுபோகும் காலத்தில் மூத்த பெண்டிரின் நினைவிலிருந்து திரட்டப்பட்டவை அவை. ஜனியோடு விட்டலன் அரைத்த செய்தி அவற்றுட் பலவற்றில் இடம்பெறுகிறது. பாடிய பெண்களுக்கு அது பழங்கதையன்று. அண்ணன் வராமையும் தாய்வீட்டுத் தொலைவும் மாமியார் கொடுமையும் பாடும் அதே மூச்சில் அதுவும் வருகிறது. கணவனிடமோ மாமியாரிடமோ சொல்லமுடியாததைக் கல்லிடம் சொன்னோர், அக்கல்லின் மறுபக்கம் ஒருவன் அமர்ந்திருந்ததைத் தம் அனுபவ எல்லைக்குள் வைத்தே பாடினர்.

முத்திரையடி பற்றி ஒன்று கூறவேண்டும். மராட்டிய அடியார்கள் பாடலின் இறுதியில் தம் பெயரைப் பதிப்பது மரபு. ஜனாபாய் பல பாடல்களில் வெறுமனே ‘ஜனி’ என்று முடிப்பதுண்டு; ‘நாமாவின் பணிப்பெண் ஜனி’ என்று முடிப்பதுமுண்டு. இதனை அடக்கத்தின் அடையாளமாகவே உரைகாரர் கொள்வர். நாமதேவரைக் குருவாகக் கொண்டவர் ஆதலின் அவ்வுரையும் பொருந்தும். எனினும் ‘பணிப்பெண்’ என்பது அவர் மேற்கொண்ட உருவகமன்று, அவருடைய தொழில். ஆழி ஏந்திய கை குப்பை சுமந்தபின்னும், விட்டாபாய் தலைவாரிவிட்டபின்னும், பாடல் முடியுமிடத்தில் அச்சொல் மாறாமல் அப்படியே நிற்கிறது.