எளிமை யாருடைய அழகியல்?

கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை வாசித்துவிட்டு இறங்கினேன். பேராசிரியர் ஒருவர் தோளில் கை போட்டு, "உங்களப் பாத்தா தலித் எழுத்தாளர் மாதிரியே தெரியல தோழர். அயர்ன் சட்டை, ஷூ..." என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவர் கதர் ஜிப்பாவில் இருந்தார். அது அவருக்கு எளிமை. நான் அப்படி வந்திருந்தால் அது என் சாதியின் அடையாளம்.

நம் நாவல்களிலும் இதே பார்வைதான். சேரி மனிதன் என்றால் கோவணமும் வெற்று மார்பும். விமர்சகர்கள் இதை யதார்த்தம் என்று மெச்சுகிறார்கள். அந்த உடம்பில் துணி ஏன் இல்லை என்று கேட்டால், வறுமை என்கிறார்கள். வறுமை மட்டுந்தானா?

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு, குடை, செருப்பு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. தங்கம், வெள்ளி நகை யாருக்குமே ஆகாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

வாங்க வக்கில்லாதவனைப் பார்த்து நகை போடாதே என்று எவனாவது சட்டம் போடுவானா? போட ஆரம்பித்தார்கள், அதனால்தான் தடை. ஆக, அந்த வெற்று மார்பு இல்லாமையால் மட்டும் வந்ததல்ல, அடித்து வாங்கியது.

இதற்கு ஒன்பது வருஷம் முன்பு, 1921 செப்டம்பரில், காந்தி மதுரையில் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அவர் மனசைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் மறுநாளே அவர் சட்டையைத் திரும்ப மாட்டியிருந்தால் யாரும் அவர் வீட்டைக் கொளுத்தியிருக்க மாட்டார்கள். உரிமை உள்ளவனுக்குத்தான் துறவு. அம்பேத்கரின் கோட்டை மேல்நாட்டு மோகம் என்று எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. 2016இல் 'கபாலி' இதைத் தியேட்டரில் பேசியபோது நம் தெருப் பையன்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

எங்கப்பா மேலத்தெருவில் நுழையும்போது தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்குவார். செருப்பு கைக்கு வந்துரும். நான் காலேஜுக்குக் கிளம்பின அன்னைக்கு அவர் சொன்ன புத்தி ஒண்ணே ஒண்ணுதான்: "சட்டை கசங்காமப் போடா."

நம் எழுத்தில் சட்டையும் ஷூவும் வந்தால், 'நடுத்தர வர்க்கமாகிட்டாங்க' என்கிறார்கள். ஒரு தலைமுறை கக்கத்தில் இடுக்கிய துண்டு அது. அதை வாசிக்கத் தெரியாத விமர்சனம் எங்களுக்கு எதுக்கு?