தி சார்ம் அஃபென்சிவ் (நாவல்): ஒரு விமர்சனம்

தி சார்ம் அஃபென்சிவ், அமெரிக்க எழுத்தாளர் அலிசன் காக்ரன் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல். 2021 செப்டம்பரில் வெளிவந்தது. காதல் துணை தேடும் ரியாலிட்டி ஷோ ஒன்றின் படப்பிடிப்பில் இரண்டு ஆண்களுக்கு இடையே உண்டாகும் காதலைச் சொல்கிறது. காக்ரன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். நாவலை நான் கையில் எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கதை

தேவ் தேஷ்பாண்டே அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளி இளைஞன். 'எவர் ஆஃப்டர்' என்ற நிகழ்ச்சியில் தயாரிப்பாளர்களில் ஒருவன். போட்டியாளர்களைக் கேமராவுக்கு முன் பேசவும் சிரிக்கவும் அழவும் வைப்பது அவன் வேலை. தான் விற்கும் தேவதைக் கதைகளை அவனும் மனதார நம்புகிறான். இந்த முறை அவன் பொறுப்பில் விடப்படுவது போட்டியிடும் பெண்கள் அல்ல, நாயகனான சார்லி வின்ஷா. தொழில்நுட்பத் துறையில் மேதை எனப் பெயர் வாங்கிய சார்லி, தான் உருவாக்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டவன். கெட்ட பெயரைத் துடைத்துக்கொள்ளவே நிகழ்ச்சிக்கு வருகிறான். யாராவது தொட்டால் உடல் விறைத்துப்போகும் அளவுக்குப் பதற்றம் அவனுக்கு. பெண்களிடம் எப்படிப் பழகுவது என்று தேவ் அவனுக்குப் பயிற்சி கொடுக்கிறான். அந்தப் பயிற்சியே காதலாகிறது.

மதிப்பீடு

நாவலின் பலம், காதலைவிட இருவரின் மனநலத்தையும் எழுதிய விதத்தில் இருக்கிறது. சார்லிக்கு எண்ணச் சுழற்சி நோய், தேவுக்கு மனச்சோர்வு. தேவின் சோர்வு நாள்களை ஆசிரியர் அழகுபடுத்தவில்லை. எந்நேரமும் கலகலப்பாக இருக்கும் ஒருவன் திடீரென எழுந்திருக்க முடியாமல் கிடப்பது எப்படி என்று பொறுமையாகக் காட்டுகிறார். காதல் வந்ததும் நோய் தீர்ந்துவிடுவதில்லை. தேவ் பிரிந்து, பெற்றோர் வீட்டுக்குப் போய், சிகிச்சை பெற்ற பிறகே கதை முடிவை நோக்கி நகர்கிறது. இந்த இடைவெளியை விட்டது நல்ல முடிவு.

இன்னொரு நுட்பம், அத்தியாயங்களுக்கு இடையில் வரும் படத்தொகுப்புக் குறிப்புகள். நடந்ததை நாம் அப்போதுதான் படித்திருப்போம். அடுத்த பக்கத்தில் அதை எப்படி வெட்டி ஒட்டி வேறு கதையாக்குவது என்பது குறிப்பாக நிற்கும்.

இது நமக்குத் தெரியாத உலகம் அல்ல. 2018இல் கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் 'எங்க வீட்டு மாப்பிள்ளை' வந்தது. நடிகர் ஆர்யா மணப்பெண் தேடினார். குளத்தூரில் எங்கள் தெருவே இரண்டாகப் பிரிந்து, எந்தப் பெண் குடும்பத்துக்கு ஏற்றவள் என்று வாதாடியது. கடைசியில் அவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. "இதுக்கா வாத்தியாரே இத்தன நாளு முழிச்சிருந்தோம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். திரையில் பார்த்தது பெண் பார்க்கும் சடங்கா, விளம்பரத்துக்கு நடுவில் ஓடிய நாடகமா என்று அன்று எழுந்த கேள்விக்கு இந்த நாவலில் ஓரளவு பதில் இருக்கிறது. தேவ் போன்றவர்கள் கேமராவுக்குப் பின்னால் என்ன செய்கிறார்கள் என்று அது காட்டுகிறது.

அந்த நிகழ்ச்சி முடிந்த அதே 2018இல், செப்டம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றம் வயதுவந்தோரின் தன்பாலீர்ப்பு உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'சிகிச்சை'களுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதுமுன் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டுக்கொண்டவர் அவர். 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட சொற்பட்டியலில் 'பால்புதுமையர்' என்ற சொல் இடம்பெற்றது. நான் வகுப்பெடுத்த காலத்தில் இப்படி ஒரு சொல் கையில் இல்லை. மென்மையாக நடந்த ஒரு மாணவனிடம் "நிமிர்ந்து நட, ஆம்பளை மாதிரி பேசு" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவனுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். சார்லிக்கு நிற்கவும் பார்க்கவும் சிரிக்கவும் தேவ் கற்றுத்தரும் பக்கங்களை என்னால் வேகமாகப் புரட்ட முடியவில்லை.

தமிழில் கரிச்சான் குஞ்சு 1978லேயே 'பசித்த மானிடம்' நாவலில் ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான உறவைத் தொட்டார். இலங்கையில் பிறந்த ஷியாம் செல்வதுரை 1994இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்' ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை. இரண்டுமே இந்நாவலைவிட ஆழமானவை. ஆனால் இரண்டிலும் ஆறுதல் குறைவு. நம் சினிமாவோ இத்தகையவர்களைக் கேலிக்கும், 'வேட்டையாடு விளையாடு' போல வில்லனுக்கும்தான் நெடுநாள் வைத்திருந்தது. இருவர் சேர்ந்து வாழ்வதில் முடியும் ஓர் இலகுவான காதல் கதையை இலக்கியத் தரம் குறைவு என்று சொல்லித் தள்ளுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆணும் பெண்ணும் காதலிக்கும் அத்தகைய கதைகளை வாரந்தோறும் தொடர்கதையாகப் படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள்.

குறைகளும் உண்டு. தயாரிப்புத் தலைவி மொரீன் ஸ்காட் வெறும் வில்லி. மற்றவர்கள் சில இடங்களில் மனநல ஆலோசகர் போலவே பேசுகிறார்கள். தேஷ்பாண்டே என்பது மராத்தியக் குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தின் பேச்சும் வழக்கமும் கதைக்குள் ஆழமாக இறங்கவில்லை. ஓர் இந்திய வீட்டில் மகன் இப்படிச் சொல்லும்போது நேரும் அமைதி இதில் இல்லை.

பெரிய குறை முடிவில்தான் இருக்கிறது. காதலைப் பொய்யாக்கும் நிகழ்ச்சி என்று நாவல் முழுக்கக் குற்றம் சாட்டிவிட்டு, கடைசியில் அதே நிகழ்ச்சியின் ஒளிபரப்பைக் கொண்டே இருவரையும் சேர்த்து வைக்கிறார் காக்ரன். மொரீன் போய்விட்டார், கேமரா போகவில்லை. கேமரா அணைந்த அறையில் இவர்கள் பேசிக்கொள்ளும் பக்கங்களே நாவலில் சிறந்தவை. ஆசிரியருக்கு அந்தப் பக்கங்கள் மீது இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கலாம்.