கடன் வாங்கிய குரல்கள்: வீட்டு ஸ்டுடியோவில் சாம்பிள் இசை

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கீபோர்டில் ஒரு விசையை அழுத்துகிறோம், புல்லாங்குழல் கேட்கிறது. அதை ஊதியவர் வேறொரு நாட்டில், வேறொரு ஆண்டில் ஊதிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் ஊதிய ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனிக் கோப்பாக நம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. விசையை மெல்லத் தொட்டால் அவர் மெல்ல ஊதிய பதிவு எழும். ஓங்கித் தட்டினால் அழுத்தி ஊதிய பதிவு எழும். சாம்பிள் என்று இசையமைப்பாளர்கள் சொல்வது இதைத்தான். வீட்டிலிருந்து இசையமைக்கும் எவருக்கும் இன்று வாத்தியக் குழு என்பது இப்படி முன்பே வாசித்து முடித்தவர்களின் கூட்டம்.

இந்த எண்ணம் கணினிக்கும் முந்தையது. 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மெல்லோட்ரான் என்ற கருவி வெளிவந்தது. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு காந்த நாடாத் துண்டு. விசையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறக்குறைய எட்டு விநாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் நாடா பின்னுக்கு இழுபட்டுப் பழைய இடத்துக்கு வரும். 1967-இல் பீட்டில்ஸ் குழுவின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலின் தொடக்கத்தில் வரும் குழலோசை அந்தக் கருவியில் வாசித்ததுதான். 1979-இல் சிட்னியில் உருவான ஃபேர்லைட் என்ற கருவி நாடாவை ஒழித்து ஒலியை எண்களாக்கியது. ஆனால் பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் விலை. 1983-இல் மிடி என்ற பொது மொழி வந்து எல்லாக் கம்பெனிக் கருவிகளையும் ஒன்றோடொன்று பேசவைத்தது. 1999-இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் கியூபேஸ் மென்பொருளுக்குள்ளேயே பிளக்இன் வாத்தியங்கள் குடியேறின. அதன் பிறகு தனிக் கருவி வாங்கும் தேவை போய்விட்டது.

நம் பக்கத்தில் ஏ.ஆர்.ரகுமான் 1989-இல் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டினார். மூன்று ஆண்டுகளில் ‘ரோஜா’ வந்தது. பெரிய ஒலிப்பதிவுக்கூடத்தை நம்பியிராமல் வீட்டு வளாகத்திலேயே ராப்பகலாக ஒலியைச் செதுக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பெரிய சாட்சி அது. அன்று ஓர் அறையை அடைத்து நின்ற சாதனங்கள் செய்த வேலையை இன்று ஒரு லேப்டாப் செய்கிறது. லண்டனின் ஸ்பிட்ஃபயர் ஆடியோ, பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவைப் பதிந்து செய்த தொகுப்பின் எளிய பதிப்பு ஒன்றை இலவசமாகவே தருகிறது. தேனியில் இருக்கும் கல்லூரி மாணவியும் அந்த வயலின் கூட்டத்தைத் தம் மெட்டுக்கு வாசிக்கவைக்கலாம்.

இது பெரிய கொடை. மனதார வரவேற்கிறேன். ஆனால் ஒவ்வொரு சாம்பிள் தொகுப்புக்குள்ளும் அதைப் பதிந்தவரின் காது ஒளிந்திருக்கிறது. எதைப் பதிவது, எங்கே வெட்டுவது, இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே என்ன நடக்கிறது என்பதையெல்லாம் அந்தக் காதுதான் முடிவு செய்தது. நம் இசையைக் கொண்டுபோய் அந்தக் கருவியில் வைக்கும்போது இந்த உண்மை உடனே தெரிந்துவிடும்.

தோடி ராகத்துக் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். மிடியில் சுருதியை வளைக்கும் சக்கரத்துக்கு வழக்கமான வீச்சு மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம். சாதாரண காந்தாரத்திலிருந்து இரண்டு அரைஸ்வரம் இறங்கினால் சுத்த ரிஷபம்; இரண்டு ஏறினால் சுத்த மத்திமம். தோடிக் காந்தாரத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது கணக்கு. வாசித்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும். சக்கரத்தை விட்டவுடன் அது நடுவுக்குத் துள்ளி வந்து நிற்கும்; தோடிக் காந்தாரமோ அந்த நடுவில் நிற்கவே நிற்காது. ரிஷபத்துப் பக்கம் சாய்ந்து, மேலே எழும்பி, ஒரு முனையில் கொஞ்சம் தங்கி, அடுத்த அசைவை வேறு வேகத்தில் எடுக்கும். ஒரே சீரான அலையை வரைந்து வைத்தால் ஆம்புலன்ஸ் சைரன்தான் கேட்கும். இரண்டு விநாடிக் காந்தாரத்துக்கு நான் திரையில் புள்ளி புள்ளியாக வளைவு வரைந்து, பாடிப் பார்த்து, அழித்து, மறுபடி வரைந்து அரை மணி நேரம் உட்கார்ந்ததுண்டு. முடியாத காரியம் இல்லை. கீபோர்டு சத்யா என்று அறியப்படும் கே.சத்யநாராயணன் இதே சக்கரத்தை இடக்கையால் உருட்டி முழுக் கச்சேரியே செய்கிறார். அவர் கையில் கமகம் வருவதற்குக் காரணம் சக்கரம் அல்ல, சாதகம்.

வளைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குரல் சாம்பிள்களில் அது அப்பட்டமாகத் தெரியும். நாம் சுருதி ஏற்றிப் பாடும்போது குரல்நாண்கள் வேகமாக அதிர்கின்றன. தொண்டையும் வாயும் சேர்ந்த கூடு ஏறத்தாழ அதே அளவில் இருக்கிறது. அந்தக் கூட்டின் அதிர்வுதான் ஒருவர் குரலை அவர் குரலாக்குகிறது. பதிந்த ‘ஆ’காரத்தை வேகப்படுத்திச் சுருதி ஏற்றினால் கூடும் சேர்ந்து சுருங்கிவிடும்; நாற்பது வயதுப் பாடகி குழந்தையாகிவிடுவார். அதனால்தான் நல்ல தொகுப்புகளில் ஒவ்வொரு ஸ்வரத்தையும், அல்லது ஒன்றுவிட்டு ஒன்றையாவது, தனியாகப் பாடவைத்துப் பதிகிறார்கள். ஒரே ஸ்வரத்தையே நான்கைந்து முறை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவதும் உண்டு. இல்லையென்றால் அடுத்தடுத்து வரும் அடிகள் தையல் மிஷின் ஓடுவதுபோல் கேட்கும்.

வீட்டு இசையமைப்பாளருக்குக் கிடைக்கும் குரல்களில் எளிதானது கோரஸ் ‘ஆ’, ‘ஊ’. பின்னணியில் மெல்லப் பரப்பிவைத்தால் பாட்டு நிறைந்துவிடும். அடுத்தது லூப்: யாரோ பாடிய ஆலாபனைத் துண்டு. தொகுப்பை வாங்கியவர் எல்லாரிடமும் அதே துண்டு இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. நண்பர் ஒருவர் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய லூப்பை வைத்து முருகன் பாட்டு ஒன்று செய்தார். அதே துண்டை முன்பே பயன்படுத்திய எவரோ தம் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்ததால், இவர் பாட்டுக்கு உரிமைப் புகார் வந்துவிட்டது. ரசீதைக் காட்டி மீட்பதற்குள் தைப்பூசம் போய்விட்டது.

மூன்றாவது வகைதான் என்னை அதிகம் இழுக்கிறது: வார்த்தையையே பாடும் குரல். யமஹா உருவாக்கிய வோக்கலாய்ட் என்ற தொழில்நுட்பத்தில் சப்போரோ நகரத்து கிரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31-இல் ஹட்சுனே மிக்கு என்ற குரலை வெளியிட்டது. சாக்கி ஃபுஜிட்டா என்ற குரல் கலைஞரைப் பதிந்து செய்தது. வாங்கியவர் ஸ்வரத்தையும் எழுத்தையும் தட்டினால் மிக்கு பாடும். பாடத் தெரியாத, பாடகருக்குக் கொடுக்கக் காசில்லாத எண்ணற்ற ஜப்பானிய இளைஞர்கள் தங்கள் அறைக்குள்ளிருந்து பாட்டு எழுதிக் குவித்தார்கள்.

வோக்கலாய்ட் உள்ளே வேலை செய்யும் விதம் தமிழர் காதில் விழ வேண்டியது. தனி எழுத்துகளைப் பதிந்து ஒட்டினால் பேச்சு தடுக்கும். ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்குப் போகும் வழியைப் பதிய வேண்டும். இப்படிப்பட்ட ஒலியிணைகள் ஜப்பானியத்துக்கு ஒரு சுருதிக்கு ஏறத்தாழ 500, ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 2,500 தேவை. வோக்கலாய்ட் ஜப்பானியம், ஆங்கிலம், கொரியம், ஸ்பானியம், சீனம் ஆகிய மொழிகளில் பாடும். தமிழ் அதில் இல்லை.

தமிழுக்கு எத்தனை வேண்டும்? எந்த மெய்யோடு எந்த மெய் சேரும் என்ற கணக்கை நாம் புதிதாகப் போட வேண்டியதே இல்லை. தொல்காப்பியத்தின் நூன்மரபு மெய்ம்மயக்கம் என்ற பெயரில் அதைத்தான் சொல்கிறது. எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும் என்பதை மொழிமரபு சொல்கிறது. குரல் வங்கி செய்ய உட்காரும் பொறியாளருக்கு முதல் நாள் தேவைப்படும் பட்டியலின் பெரும்பகுதி இதுவே. இக்காலத் தமிழின் ஜ, ஸ, ஷ, ஃப முதலியவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல், பக்கம், தங்கம், அகம் என்று ஒரே ககரம் இடத்துக்கு இடம் வேறாக ஒலிப்பதையும் சேர்க்க வேண்டும். மெய்க்கு அரை மாத்திரை என்ற விதிகூடப் பாட்டில் பயன்படும்: பாடகர்கள் மெய்யைத் தாளத்துக்குச் சற்று முன்பே ஒலித்து உயிரைத் தாளத்தின் மேல் இறக்குகிறார்கள். பாடும் மென்பொருளும் அப்படித்தான் செய்ய வேண்டும். மெய் தாளத்தில் விழுந்தால் பாட்டு பின்தங்கிக் கேட்கும். இலக்கண ஆசிரியரும் பாட்டு வாத்தியாரும் மென்பொருள் எழுதுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நடக்கக்கூடிய வேலை இது.

குரல் யாருடையது என்ற கேள்வி இதற்கெல்லாம் மேல் நிற்கிறது. 2024-இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில் மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களும் செயற்கை நுண்ணறிவால் ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக ரகுமான் தெரிவித்தார். அந்த இரண்டும் குறைந்தபட்சம். அனுமதியும் ஊதியமும் இல்லாமல் செத்தவர் குரலையோ இருப்பவர் குரலையோ எடுத்துப் பாடவைப்பது திருட்டு. வீட்டில் பொழுதுபோக்காகச் செய்தேன் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. வாத்தியக்காரருக்கும் இதே நியாயம் உண்டு. ஒரு நாள் வாசித்துப் பதிந்த தவில் ஆயிரம் பாடல்களில் ஒலிக்கும்போது, அந்த ஆயிரம் பாடல்களுக்கு இன்னொரு தவில்காரரைக் கூப்பிட யாருக்கும் தேவை இருக்காது. அந்த ஒரு நாள் சம்பளத்தை இதை மனதில் வைத்துத்தான் பேச வேண்டும்.

பறையைப் பதிவதைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அடிப்பதற்கு முன் தீமூட்டித் தோலைக் காய்ச்சுவார்கள்; தோல் இறுகி ஒலி விண்ணென்று எழும். அடிக்க அடிக்க ஆறி இறங்கும், மறுபடி காய்ச்சுவார்கள். அடிக்குச்சியின் கனத்த அடி ஒன்று, சிண்டுக்குச்சியின் சுள்ளென்ற அடி இன்னொன்று. விலைக்கு வாங்கிய தொகுப்பில் நான் கேட்ட பறை ஒரே சூட்டில், ஒரே இடத்தில் அடித்த அடிகள்தான். தோல் ஆறும் நேரம் அதில் இல்லை.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் ஒரு மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வைத்திருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். உங்கள் ஊரில் பறை அடிப்பவரை, நாகஸ்வரம் வாசிப்பவரைத் தேடிப் போங்கள். பதிவு எதற்கு, யார் யாரிடம் போகும் என்பதைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கச்சேரிக்கு என்ன வாங்குகிறாரோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். கோப்பின் பெயரில் அவர் பெயரும் ஊரும் இருக்கட்டும். காய்ச்சிய உடனே ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை பதியுங்கள்.