பிணைப்பைச் சொல்லாத பெயரடைகள்

பல பாகங்கள் சேர்ந்து அமைந்த ஒன்றைக் குறிக்க ஆங்கிலத்தில் பெயரடைகளுக்குப் பஞ்சமில்லை. காம்பவுண்ட், காம்போசிட், காம்ப்ளெக்ஸ், மல்டிபிள், மேனிஃபோல்ட், ட்ரைபார்டைட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இந்தப் பெருக்கம் அந்த மொழிக்கு வலுவா, சுமையா?

பெருக்கத்துக்குக் காரணம் வரலாறு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்களும், கல்வியின் வழியே லத்தீனும் கிரேக்கமும் உள்ளே வந்தன. பழைய சொற்கள் பலவும் இடத்தைக் காலி செய்யவில்லை. ‘பல மடிப்பு’ என்ற ஒரே கருத்தில் பிறந்தவை மேனிஃபோல்டும் மல்டிபிளும்; முன்னது ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, பின்னது லத்தீன் வரவு. காம்பவுண்டும் காம்போசிட்டும் ‘சேர்த்து வை’ என்னும் ஒரே லத்தீன் வினையிலிருந்து கிளைத்தவை.

ஒரே வேரில் இரு சொற்கள் கிடைத்தபோது ஆங்கிலம் அவற்றுக்கு வேலையைப் பங்கிட்டது. நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தத்தம் இயல்பை இழந்து ஒன்றாகின்றன, அது காம்பவுண்ட். ஃபைபர்கிளாஸில் கண்ணாடி இழை இழையாகவும் பிசின் பிசினாகவும் நின்றே ஒன்றுக்கொன்று வலுவூட்டுகின்றன, அது காம்போசிட். இலக்கணத்திலும் இப்படித்தான். தனித்து நிற்கக்கூடிய இரு வாக்கியங்களை இணைத்தால் காம்பவுண்ட்; ஒன்று மற்றொன்றைச் சார்ந்திருந்தால் காம்ப்ளெக்ஸ். பாகங்கள் எத்தனை என்பதோடு நில்லாமல், அவை எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதையும் பிரித்துக் காட்டுவதே இந்தச் சொற்களின் உண்மையான பலம்.

ஆனால் அந்தப் பிரிவினை சொல்லின் உருவத்தில் இல்லை. துறையின் உடன்பாட்டில் இருக்கிறது. எனவே துறை மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. கணிதத்தில் 12 ஒரு காம்போசிட் எண், அதாவது பகு எண். அங்கே பேச்சு காரணிகளைப் பற்றியது. மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என இரண்டே பாகம் கொண்ட கலப்பெண்ணுக்கு காம்ப்ளெக்ஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு ‘சிக்கலானது’ என்ற வழக்கும் இருப்பதால், கணக்கைத் தொடுமுன்பே மாணவர் மிரள இடமுண்டு. மருத்துவத்தில் காம்பவுண்ட் முறிவு என்றால் எலும்பு பல துண்டானது என்று தோன்றும். உண்மையில் அது முறிவோடு தோலும் கிழிந்து காயம் வெளியே திறந்திருப்பதைக் குறித்தது. துண்டு துண்டாக நொறுங்குவதற்கு வேறு பெயர் உண்டு. மருத்துவர்கள் இன்று காம்பவுண்ட் முறிவைத் ‘திறந்த முறிவு’ என்ற பொருளில் ஓப்பன் என்றே சொல்கிறார்கள்.

எண்ணைச் சுமக்கும் பெயரடைகளாவது தெளிவானவையா? பைவீக்லி என்றால் வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா? அகராதிகள் இரண்டு பொருளையும் ஏற்கின்றன.

லத்தீன், கிரேக்கச் சொற்களே உயர்ந்தவை என்ற மயக்கத்தை ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் சாடினார். சொந்த ஆங்கிலச் சொல்லுக்குத் திரும்புவது என்ற மருந்து இங்கே பாதி நோயைத்தான் தீர்க்கும். த்ரீஃபோல்ட் கலப்பற்ற ஆங்கிலச் சொல். இருந்தும் நூறு ரூபாய் த்ரீஃபோல்டாகக் கூடியது என்றால், முந்நூறு ஆனதா, முந்நூறு கூடி நானூறு ஆனதா என்ற ஐயம் எழுகிறது. ஆகவே குறை சொல்லின் பூர்வீகத்தில் இல்லை. எது எதோடு எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் ஒரே பெயரடையில் முடித்துவிடும் பழக்கத்தில் இருக்கிறது.

வரையறை உறுதியான துறைக்குள் இந்தப் பெயரடைகள் கூர்மையான கருவிகள். அங்கே அவற்றைக் குறைப்பது இழப்பு. பொதுப் பேச்சில் கதை வேறு. ஒரு பிரச்சினையை காம்ப்ளெக்ஸ் என்று அழைத்துவிட்டால் அதை ஆராய்ந்துவிட்டது போன்ற தோற்றம் கிடைக்கிறது. பாகங்களைப் பெயர் சொல்லி எண்ணும் உழைப்பு மிச்சமாகிறது. அந்த உழைப்பைச் செய்துவிட்ட கட்டுரைக்குப் பெரும்பாலும் அந்தப் பெயரடையே தேவைப்படுவதில்லை.