நாலு பிளக், ஒரு மொறிஸ் மைனர்

எங்கள் மொறிஸ் மைனருக்குப் புது பிளக் போட்டாகிவிட்டது. இதையும் ஒரு கட்டுரையாக எழுதுவார்களோ என்று வீட்டில் கேட்கிறார்கள். எழுதாமல் எப்படி இருப்பது! ஸ்ராட்டர் குமிழை இழுத்த உடனே எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. சோக்கை உள்ளே தள்ளினாலும் நடுங்காமல் நிற்கிறது. கோப்பாய் தாண்டி நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குள் வரும்போது நாலாம் கியரிலேயே மெல்ல மிதித்து வேகம் எடுக்கலாம்; முன்பு அந்த இடத்தில் ஒரு இழுப்பும் ஒரு விக்கலும் வரும். ஒரு ரயர் வாங்குகிற காசில் இந்தச் சுகத்தைப் பல தடவை வாங்கலாம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

கார் 948 சிசி எஞ்சின் போட்ட மொறிஸ் மைனர் 1000. 1948இல் அலெக் இசிகோனிஸ் என்ற மனுசன் வடிவமைத்து வெளிவந்த கார் வரிசையின் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் இதற்கும் ஒஸ்ரின் ஏ 40க்கும் கேம்பிரிட்ஜுக்கும் உள்ள மரியாதை வேறு எங்கும் இருக்குமோ தெரியாது. மற்ற ஊர்களில் இவை கண்காட்சிக்குப் போகும். எங்கள் ஊரில் சந்தைக்குப் போகும், கலியாணத்துக்குப் போகும், ஆசுப்பத்திரிக்குப் போகும்.

பிளக் வாங்க ஸ்ரான்லி வீதிக்குப் போகும் முன்னமே எங்கள் கராச் அண்ணையிடம் கேட்டேன். பழைய பிளக்கை நான் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். நுனி முழுக்கக் காய்ந்த கரி. விரலில் தேய்த்தால் விளக்குப் புகை மாதிரி ஒட்டுகிறது.

“தம்பி, உம்மட கார் எங்க ஓடுது?”

“திருநெல்வேலிச் சந்தைக்கும் கோயிலுக்கும் தான் அண்ணை. இடைக்கிட நெல்லியடி.”

“அப்ப ஐஞ்சு போடும். ஆறு வேண்டாம்.”

இந்த ஐந்து, ஆறு என்பதுதான் முழு விளையாட்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக வெளியேறும். அது சூட்டுப் பிளக். மூக்கு கட்டையாக இருந்தால் சூடு கெதியாக எஞ்சின் தலைக்குள் இறங்கிவிடும்; அது குளிர்ப் பிளக். நுனி ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரி தானாக எரிந்துபோகும். 850 பாகையையும் தாண்டினால் பிளக் நெருப்புக் கொடுக்கும் முன்னமே எரிபொருள் பற்றிக்கொள்ளும், பிஸ்ரனுக்கு ஆபத்து. இந்த இரண்டுக்கும் இடையில் நுனியை வைத்திருப்பதுதான் பிளக் தேர்வு. என்.ஜி.கே. பெட்டியில் பிபி6இஎஸ் என்று இருந்தால் அந்த 6 தான் வெப்ப எண். எண் கூடக் கூடக் குளிர்ச்சி. சம்பியன், பொஷ் பெட்டிகளில் நேர் எதிர், எண் கூடக் கூடச் சூடு! இரண்டு கொம்பனியின் பெட்டியையும் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் கதை முடிந்தது.

அண்ணையின் ஐந்து எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அது எங்கள் மண்ணைப் பார்த்துச் சொன்ன எண். குடாநாடு முழுக்கத் தட்டை. ஏற்றம் கிடையாது, எஞ்சின் மூச்சு வாங்க இழுக்கிற இடம் கிடையாது. வீட்டுக்கும் சந்தைக்கும் இரண்டு மைல், பாதி வழி சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் பின்னால் ஊர்வலம். நுனி சூடாகும் முன்னமே கார் கராச்சுக்குள் திரும்பிவிடும். கண்டிக்கு ஏறுகிற காருக்கு ஆறு சரி. சந்தைக்கு ஊருகிற காருக்கு ஐந்துதான்.

அண்ணைக்கு இந்த ஞானம் எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. 1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. கார் ஓடியது மண்ணெண்ணெயில். அதுவும் தாராளமாக இல்லை, பங்கீட்டில். சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் பொன்னாகப் பத்திரப்படுத்தியிருக்கும். காபுரேற்றருக்குள் சில சொட்டு விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலேசில் ஆவியாகாது; குளிர்ந்த எஞ்சினுக்குள் துளியாகவே போய்ப் பாதி எரிந்து, மிச்சம் பிளக்கில் கரியாகவும் ஒயிலுக்குள் கரைசலாகவும் இறங்கும். அமுக்கம் குறைந்த இந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்கள் அதையும் சகித்துக்கொண்டன. புதிய யப்பான் கார்கள் பல மூலையில் நிற்க, ஏ 40உம் மொறிஸும் வெண்புகையோடு வீதியில் போனதற்கு அதுதான் காரணம். அந்தக் காலத்தில் கராச்சில் நின்ற ஒருவருக்குப் பிளக்கின் நிறம் தெரியாமல் இருக்குமா? பிளக்கைக் கழற்றி, கம்பித் தூரிகையால் உரசி, மறுபடி பூட்டி ஆளை அனுப்புவதே ஒரு நாளின் பெரும்பகுதி வேலை என்று சொல்வார். சொல்லும்போது ஒரு பெருமையும் இருக்கும்.

சரி, பூட்டுகிற இன்பத்துக்கு வருவோம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். விடியற்காலை நல்ல நேரம். வயர் ஒன்றைக் கழற்று, பிளக் ஒன்றை மாற்று, வயரைத் திரும்பப் போடு, பிறகே அடுத்தது. நாலையும் ஒன்றாக இழுத்தால் 1-3-4-2 என்ற நெருப்பு வரிசை குழம்பி, கார் துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம் போடும். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் அயல் முழுக்க வேலிக்கு வந்துவிடும். கழற்றும் முன் பிளக் குழியைச் சுற்றிய மண்ணைச் சைக்கிள் பம்பால் ஊதிவிட்டேன். செம்மண் தூசி சிலிண்டருக்குள் விழவே கூடாது.

இடைவெளிதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். இந்த எஞ்சினுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, அதாவது 0.64 மில்லிமீற்றர். பெட்டியில் வருவது அதைவிடச் சற்று அகலம். நான் பீலர் கேஜைத் தேடிக்கொண்டிருக்க, அண்ணை இரும்பு அறுக்கிற ஹக்சோ பிளேட் ஒன்றை எடுத்து நுழைத்துப் பார்த்தார். அதன் தடிப்பும் ஏறக்குறைய அதே 25 தான்! பிறகு கேஜ் வைத்து அளந்தேன். மயிரிழை வித்தியாசம் இல்லை. பக்கத்துக் கொழுக்கியை மட்டும் மெல்லத் தட்டி வளைக்க வேண்டும், நடுக் கம்பியைத் தொடக்கூடாது. பூட்டும்போது முதல் சில சுற்றுக் கையால்தான், விரல் இறுக்கம் வந்த பிறகு வொஷர் நசுங்க ஸ்பனரால் அரைச் சுற்று. அவ்வளவுதான். ஸ்பனரில் தொங்கி இறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பல்லுக் கூசும்.

புதுப் பிளக் பூட்டி, வல்லைவெளிக்கு விட்டேன். இரண்டு பக்கமும் வெளி, உப்புக்காற்று, நேர் வீதி. காருக்குக் கால் நீட்டி ஓட எங்களிடம் இருக்கிற இடம் அதுதான். 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 தடவை நெருப்புக் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ற்று அந்த மயிரிடைவெளியைப் பாய்ந்து கடக்கிறது. அந்தப் பழைய கொயில் இதை அலுக்காமல் செய்கிறதே! நெல்லியடியில் நிறுத்தி, ஆறவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நுனி அழகான இளம் மண்ணிறம். இந்த நிறம் வந்துவிட்டால் கலவை, வெப்ப எண், எரிப்பு மூன்றும் சரி. கறுப்பென்றால் எரிபொருள் கூட, ஈரப் பிசுக்கென்றால் ஒயில் ஏறுகிறது, வெள்ளை வெளேரென்றால் கொதிக்கிறது. எஞ்சினைத் திறக்காமலே உள்ளே நடப்பதைக் காட்டுகிற இந்த விரல் நீளச் சாமானை விட மலிவான வைத்தியர் உண்டோ!

இரிடியம் பிளக் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். போடலாம். இரிடியம் 2,400 பாகை தாண்டித்தான் உருகும், நடுக் கம்பியை 0.6 மில்லிமீற்றர் அளவுக்கு மெலிதாக்கலாம், இலட்சம் கிலோமீற்றர் வரை தாங்கும். ஆனால் எனக்கு அவ்வளவு காலம் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியுமா? சாதாரண நிக்கல் பிளக்தான் எனக்குச் சரி. ஒன்று மட்டும் கவனம்: போலிப் பெட்டிகள் உலகம் முழுக்க உலாவுகின்றன. எழுத்து மங்கலாக, மரை கரடுமுரடாக, வொஷர் லொடலொடவென்று கழன்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காருக்குள் எஃப்.எம். வானொலி கேட்கிறவர்கள் எண்ணுக்கு முன் ஆர் எழுத்து உள்ள பிளக்கைக் கேட்டு வாங்கினால் இரைச்சல் குறையும்.

மச்சானின் வாகன்ஆர் இப்போது காலையில் கொஞ்சம் முக்குகிறதாம். கொயில் நேரே பிளக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும், வயர் என்ற பேச்சே இல்லை. வாற ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம். அதற்கு இரிடியம்தான் போட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மூன்று சிலிண்டர் என்பதால் மூன்று பிளக் மட்டும்தான் மாற்றக் கிடைக்கும் என்பது ஒன்றே எனக்குச் சின்ன மனக்குறை.